ஒரு விரல் இடைவெளி

வலது கை நெம்புகோலை முன்னால் தள்ளி, தள்ளிய இடத்திலேயே இறுக்கிப் பிடித்திருந்தது. இடது கையின் ஆள்காட்டி விரல், நெம்புகோலின் கைப்பிடிக்கும் டேஷ்போர்டின் கீழ்ப்புறத்துப் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இருந்த சந்தில் நுழையப் பார்த்தது. நகம் நுழைந்தது. அதற்கு மேல் போகவில்லை. விரலை எடுத்து, கிரீஸ் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் நகம்தான்.

வண்டி மேட்டுச் சாலையின் அடியில் ஓரமாக நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரங்களிலிருந்து காய்ந்த இரும்பின் வாடை வந்தது. ஐந்து தடவை மேலே ஏறி, ஐந்து தடவை பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கியாகிவிட்டது. அவளுடைய பாதங்கள் இரண்டும் இருக்கைக்கு அடியில் மடங்கிக் கிடந்தன. நல்ல பாதங்கள்தான், ஆனால் பிறருக்காகச் செய்த வண்டியைச் சோதிக்கும்போது அவற்றுக்கு வேலை கொடுப்பதில்லை என்று அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள்.

காலால் வண்டி ஓட்ட முடியாதவர்களுக்கு, அதைக் கையாலேயே ஓட்டும்படி மாற்றிக்கொடுப்பது அவள் தொழில். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். கீழே இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். முன்னால் தள்ளினால் பிரேக். நெம்புகோலிலிருந்து ஓர் இரும்புக் கம்பி இறங்கிப் போய்க் கால்மிதியை அமுக்கும். மிதி தன் கடைசி ஆழத்தைத் தொட்ட பிறகும், கைப்பிடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடம் மிச்சமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள், பிரேக் முழுசாக வேண்டியிருக்கும் அந்த ஒருநாள், கைப்பிடி பிளாஸ்டிக்கில் போய் முட்டி நின்றுவிடும்; மிதி இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருக்கும்; வண்டி நிற்காது.

இந்த விதியை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவள் இரும்பு ஜன்னல் செய்யும் பட்டறையில் வெல்டர். புருஷன் லாரி மெக்கானிக். ஜாக்கி நழுவி லாரி அவர் இடுப்பில் இறங்கிய பிறகு, ஜன்னலுக்கு வைக்கும் குழாயை வளைத்துத்தான் அவருக்கு முதல் நெம்புகோலைச் செய்தாள். வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, எது எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது கைப்பிடி பிளாஸ்டிக்கில் முட்டிக்கொண்டு, வண்டி பட்டறையின் பின்சுவரில் போய் நின்றது. சுவர் உள்வாங்கிய இடத்தை அவர்கள் இன்றைக்கு வரைக்கும் பூசவில்லை. புருஷன் அதை வருகிறவர்களிடம் காட்டி, "இது எங்க பழைய சர்டிபிகேட்" என்பார். அந்தச் சுவரிலிருந்து வந்ததுதான் ஒரு விரல் கணக்கு. அதனால்தான் வாடிக்கைக்காரர்கள் அவளை ஒருவிரல் அக்கா என்று கூப்பிட்டார்கள்.

இப்போது அதே ஒருவிரல் அக்காவின் விரல் நுழையவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வண்டியை மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு பெண், மேட்டின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். விபத்தில் கால்கள் இரண்டும் செயலிழந்து இரண்டு வருஷமாகிறது. அவருடைய இடத்தை ஆஸ்பத்திரி இத்தனை நாள் காலியாகவே வைத்திருந்தது. வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் கவுண்டரில் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கடிதமும் அனுப்பிவிட்டது. அவரைத் தூக்கி உட்காரவைத்து இத்தனை நாள் எல்லா இடத்துக்கும் கூட்டிப்போனவர் அவருடைய அண்ணன். அண்ணனுக்குக் கப்பலில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் துறைமுகத்துக்குக் கிளம்புகிறார்.

அவள் கைப்பிடியை விட்டாள். மேட்டிலிருந்து இறங்கிய லாரிக்காரன் ஒருவன், அவள் நடுரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பட்டறையில் வண்டி செய்தபோதும் விரல் வைத்துப் பார்த்தாள்தான். அப்போது நுழைந்தது. வழக்கம் போலச் சுலபமாக நுழையவில்லை. கொஞ்சம் இறுக்கமாக, தோல் உரசிக்கொண்டு நுழைந்தது. நுழைந்ததல்லவா, போதும் என்று விட்டாள். புதன்கிழமை போக்குவரத்து ஆய்வாளரும் வந்து, நின்ற வண்டியில் நெம்புகோலை நாலு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கையெழுத்து இதோ முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி மேட்டு மேலே என்று மருந்தாளர் சொன்னதால்தான் இன்றைக்கு மேட்டுச் சாலைக்கே வண்டியைக் கொண்டுவந்தாள். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால்?

பட்டறை வாசலில் வண்டி நுழைந்ததுமே புருஷன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். சக்கர நாற்காலியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, போன் எடுப்பது, வேலைச்சீட்டு எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. நாற்காலியை விட்டு எழுந்திருக்காத உத்தியோகம் என்பதால் அவருக்கு அவரே வைத்துக்கொண்ட பெயர் ஆபீசர். தெருவே அப்படித்தான் கூப்பிடும்.

"என்னம்மா, மூஞ்சி இப்படிச் சுண்டிப் போயிருக்கு? போலீஸ்காரன் புடிச்சானா?"

"விரல் போகலைங்க."

ஆபீசர் பேனாவை மூடினார். "எந்த விரல்?"

"விளையாடாதீங்க. பிரேக் சூடானதும் நகக்கண்ணுதான் போகுது."

"நாலு போல்ட்டும் சரியா உக்காந்துச்சே?"

"உக்காந்துச்சு. அதான் புரியலை."

அந்த நாலு போல்ட்டுதான் அவர்களை இத்தனை நாள் நம்ப வைத்திருந்தது. வண்டியைச் செய்த கம்பெனி ஒரே மாதிரியில் மூன்று எஸ்யூவி விற்றது. பட்டறையில் அவற்றுக்கு வைத்த பெயர் சின்னவன், நடுவிலவன், பெரியவன். மூன்றுக்கும் அடிச்சட்டம் ஒன்றுதான். டேஷ்போர்டுக்கு அடியில் போல்ட் துளைகளும் ஒன்றுதான். ஆபீசரின் சொந்த வண்டி ஒரு சின்னவன். அதிலிருந்து அவள் ஒரு மாதிரித் தகடு வெட்டி வைத்திருந்தாள். எந்தத் துளை எங்கே, கம்பியின் நீளம் எவ்வளவு, எல்லாம் அந்தத் தகட்டில் இருந்தது. அதை வைத்துச் சின்னவன் பதினாலு, நடுவிலவன் ஒன்பது என்று இருபத்துமூன்று வண்டி செய்தாயிற்று. இது இருபத்துநாலாவது.

ஒரு மாதத்துக்கு முன்னால் மருந்தாளரின் அண்ணன் மூன்று வண்டியின் விளம்பரத் தாள்களையும் இதே மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சின்னதுல பெரிய எஞ்சின் வாங்கினா நடுவுலதை விட வேகமாப் போகுதாம். நடுவுலதுல சின்ன எஞ்சின் வாங்கினா சின்னதை விட மந்தமாம். நீளம் பார்த்தா ரெண்டுக்கும் நாலு விரல்கடை வித்தியாசம். பெரியதுக்கும் நடுவுலதுக்கும் ஒரு சாண் இல்ல, எஞ்சின் அதே எஞ்சின். எதுக்குங்க மூணு வண்டி பண்றாங்க?"

"மூணும் ஒரே வீட்டுப் பசங்க சார்" என்றார் ஆபீசர். "ஒருத்தன் சட்டையை இன்னொருத்தன் மாட்டிக்கிட்டுத் தெருவுல நிக்கிறான். தூரத்துல இருந்து பார்த்தா எவன் எவன்னு பெத்தவளுக்கே தெரியாது."

"கப்பல்ல இப்படிப் பண்ணினா மூழ்கிடும்."

"ரோட்டுல மூழ்காது சார், அதான் தைரியமாப் பண்றான்."

கடைசியில் விஷயத்தைத் தீர்த்தது சக்கர நாற்காலிதான். சின்னவனில் நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றினால்தான் பின்கதவு மூடியது. நடுவிலவனில் கழற்றாமலே மூடியது. அந்த நாலு விரல்கடைக்காக நடுவிலவன். மேட்டில் மந்தமாக ஏறினால் பின்னால் வருகிறவன் ஹாரனாலேயே கொன்றுவிடுவான் என்று, அதில் பெரிய எஞ்சின். அண்ணன் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஆபீசர் வேலைச்சீட்டில், எல்லாச் சீட்டிலும் எழுதுவதைப் போலவே, "நடுவிலவன், சாம்பல் நிறம்" என்று எழுதினார். எஞ்சினைப் பற்றி எழுத அந்தச் சீட்டில் இடமே கிடையாது.

அவள் ஒரு இரும்பு அளவுகோலை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தாள். பிரேக்கை முழுக்க அமுக்கினால் மிதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தாள். பிறகு ஆபீசரின் சின்னவனில் பார்த்தாள். மூன்று நூல் வித்தியாசம். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. புது வண்டியின் மிதி மூன்று நூல் ஆழமாக இறங்கியது. சூடானால் இன்னும் ஒரு நூல்.

"அப்போ நடுவிலவனுக்கு மிதி வேற போல" என்றார் ஆபீசர்.

"அப்படின்னா ஏற்கனவே பண்ணின ஒன்பதும்?" என்றாள் அவள். அந்த ஒன்பதிலும் விரல் சுலபமாக நுழைந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

எதிர்ச்சாரியில் ஓட்டுநர் பள்ளி. அதன் மாஸ்டரிடம் ஒரு நடுவிலவன் இருந்தது. அதுவும் சாம்பல் நிறம். அவள் அளவுகோலோடு தெருவைக் கடந்து போய், அனுமதி கேட்ட கையோடு கதவைத் திறந்து குனிந்துவிட்டாள். மாஸ்டர் பதறிப்போய் ஓடிவந்தார்.

"என்னக்கா, என் வண்டிக்கு என்ன வியாதி?"

"உங்க வண்டிக்கு ஒண்ணுமில்ல மாஸ்டர்."

"அதை ஏன் இவ்ளோ சோகமாச் சொல்றீங்க?"

"உங்களுது எந்த எஞ்சின்?"

"சின்னதுதான். கத்துக்கிற பசங்களுக்குப் பெருசு குடுத்தா நான் உயிரோட இருக்க வேண்டாமா?"

மாஸ்டரின் மிதி, ஆபீசரின் சின்னவன் மிதி நின்ற உயரத்திலேயே நின்றது. நூல் பிசகவில்லை. அவள் கதவோரத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரே உடம்பு, ஒரே நிறம், மிதி வேறு. வேறு வேறு உடம்பு, மிதி ஒன்று. பெரிய எஞ்சின் போட்ட வண்டிக்குப் பின்சக்கரத்தில் பெரிய பிரேக் வைத்திருக்கிறார்கள். அதற்கு எண்ணெய் அதிகம் போக வேண்டும், அதனால் மிதி ஆழமாக இறங்குகிறது. மிதியைத் தீர்மானிப்பது எஞ்சின். அவர்கள் இத்தனை வருஷம் உடம்பைப் பார்த்தே சீட்டு எழுதியிருக்கிறார்கள்.

பெரிய எஞ்சின் நடுவிலவனில் மட்டும்தான் வரும் என்பதில்லை என்று அவளுக்கு அடுத்த நிமிஷமே உறைத்தது. சின்னவனிலும் வரும். அவற்றில் சிலவற்றிலும் விரல் தோல் உரசிக்கொண்டுதான் நுழைந்திருக்கிறது. பதினாலு சின்னவன். அதில் எத்தனை?

பட்டறைக்குத் திரும்பி, எஞ்சின் விஷயத்தை ஆபீசரிடம் சொன்னாள். இரண்டு பேரும் வேலைச்சீட்டுகள் இருந்த அலமாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானம் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். ஆபீசர்தான் போன் செய்து வரச்சொல்லியிருந்தார். அவள் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அண்ணனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஆய்வாளர் கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்குக் காலையில வண்டி எடுக்கிறதாப் பேச்சு. இப்போ வந்து விரல் போகலைங்கிறீங்க!"

"அவர் ஆறின பிரேக்குல பார்த்தாரு சார். நின்ன வண்டியில பார்த்தாரு."

"சரி, அந்தப் பிளாஸ்டிக்கை ரெண்டு இஞ்ச் அறுத்து விட்டுடுங்க. முடிஞ்சுது கதை."

"அதுக்குப் பின்னாடி முழங்காலைக் காப்பாத்துற காத்துப்பை, ஏர்பேக் இருக்கு. அறுத்தா அது போயிடும்."

"அப்போ கம்பியை நீளமாக்குங்க."

"பார்த்துட்டேன். நெம்புகோல் இந்தப் பக்கம் தள்ளி வருது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது விரல் முட்டி இடிக்குது."

"ஒரு விரல்! ஒரு விரலுக்காக என் தங்கச்சி வேலை போகணுமா? நான் ஞாயித்துக்கிழமை போயிட்டேன்னா அவளை யார் கூட்டிட்டுப் போவா, நீங்களா?"

"ஆமா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள். "வண்டி ரெடியாகலைன்னா திங்கட்கிழமை காலையில நானே ஆஸ்பத்திரிக் கவுண்டர்ல கொண்டுபோய் விடறேன். ஆனா இந்த வண்டியை இப்படியே குடுக்க மாட்டேன்."

"செவ்வாக்கிழமை? அதுக்கு அடுத்த நாளு?"

"அண்ணா, நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் மருந்தாளர். மெலிந்த உடம்பு, நாற்காலியைத் தள்ளித் தள்ளித் தோள் மட்டும் திரண்டிருந்தது. நெம்புகோலையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அக்கா, இதே தகட்டை வச்சு இன்னும் எத்தனை பேருக்குப் பண்ணிக் குடுத்திருக்கீங்க?"

"இருபத்துமூணு" என்றார் ஆபீசர்.

"அதுல பெரிய எஞ்சின் எத்தனை?"

"தெரியாதும்மா" என்றாள் அவள். "நாங்க எழுதி வைக்கலை."

மருந்தாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "எங்ககிட்ட ஒரு மாத்திரை வருது அக்கா" என்றார். "அஞ்சு மில்லிகிராம் ஒண்ணு, பத்து மில்லிகிராம் ஒண்ணு. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே நீலம். மூலையில சின்னதா ஒரு நம்பர். ஒரு தடவை மாறிப் போச்சு. அன்னைக்கு எங்க பெரியம்மா, அதாவது எங்க தலைமை மருந்தாளர், யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. பதிவேட்டை எடுத்து வச்சுக்கிட்டு, அந்தப் பெட்டி யார் யாருக்குப் போச்சுன்னு பேர் பேரா போன் பண்ணச் சொன்னாங்க. முடியுற வரைக்கும் கவுண்டரையே திறக்கலை. அதுக்கப்புறம்தான் பத்துக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர்."

"உங்க வண்டியை முடிச்சுட்டுப் போன் பண்றேம்மா. உங்களுது முதல்ல…"

"இல்லக்கா. அவங்க இப்பவே ரோட்டுல இருக்காங்க. நான் இன்னும் வண்டியில ஏறவே இல்லையே."

அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். வீட்டில் எடை பார்க்கும் கருவியை எடுத்துவந்து, அந்தப் பூசாத சுவரில் நெஞ்சு உயரத்தில் வைத்துப் பிடித்து, மருந்தாளரை ஒரு கையால் தள்ளச் சொன்னாள். நெம்புகோலில் கம்பி மாட்டும் துளையைக் கைப்பிடிப் பக்கமாக நகர்த்திச் செய்தால், கை கொஞ்சம் தள்ளினாலே மிதி நிறைய இறங்கும். விரலுக்கு இடம் கிடைக்கும். ஆனால் தள்ளப் பலம் கூடுதலாக வேண்டும். அந்தப் பலம் அவரிடம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். முள் முப்பத்தொன்றில் போய் நின்றது. அவளுக்கு வேண்டியது இருபத்துரெண்டு.

"நான் தள்ளினாலே இருபத்தெட்டுதான்" என்றார் ஆபீசர். "உங்களைப் பகைச்சுக்கவே கூடாதும்மா."

மருந்தாளர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து ஆபீசர் போனை வைக்கவே இல்லை. சீட்டுகளை ஒன்றொன்றாக எடுத்து, எண்ணைப் போட்டு, நலம் விசாரித்துவிட்டு, எந்த எஞ்சின் என்று கேட்டார். அவள் பக்கத்திலேயே, புது நெம்புகோலுக்கு இரும்புப் பட்டையை அறுத்துக்கொண்டு, ஒரு காதை இங்கே வைத்திருந்தாள். சின்ன எஞ்சின் என்று ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ரம்பம் ஒரே சீராக ஓடியது. பெரிய எஞ்சின் என்றதும் நின்றது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அது ஐந்து தடவை நின்றிருந்தது. ஐந்தில் நாலு பேர் போனை எடுத்து, வண்டியை அப்படியே நிறுத்திவிட ஒப்புக்கொண்டார்கள். அந்த நாலு பேரில் ஒரு பழ வியாபாரியிடம் மட்டும் பேச்சு நீண்டது. ஆபீசர் போனை மேஜையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி பண்ணினார்.

"அட, இதுக்குத்தானா?" என்றது வியாபாரியின் குரல். "எனக்கு ஒருதரம் இடிச்சுதே! போன மாசம், மேட்டுல இருந்து லோடோட இறங்குறேன், முன்னாடி ஒரு மாடு. தள்ளினேன் பாருங்க, டக்குன்னு பிளாஸ்டிக்குல சத்தம். வண்டி வழுக்கிக்கிட்டே போய் மாட்டு வாலுகிட்ட நின்னுச்சு. நான்தான் முரட்டுத்தனமாத் தள்ளிட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஏண்ணே, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் அவள், ரம்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டே.

"உங்க வேலையில என்னம்மா குத்தம் சொல்றது? ஒருவிரல் அக்கா பண்ணினதுல தப்பு இருக்குமா? நம்ம கைதான் சரியில்லைன்னு விட்டுட்டேன்."

அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ப் பின்சுவரின் பள்ளத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றாள். பதினாறு வருஷம் சேர்த்த நல்ல பெயர் ஒரு மனுஷனின் வாயை அடைத்து, அவனை அதே வண்டியில் ஒரு மாசம் அதே மேட்டில் ஏற்றி இறக்கியிருக்கிறது. அந்த மாட்டுக்குப் பதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நின்றிருந்தால்? யோசனை அதற்கு மேல் ஓடாதபடி அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அண்ணே, வண்டியைத் தொடாதீங்க. மீட்பு வண்டி அனுப்பறேன், அதுல ஏத்தி அனுப்புங்க."

"நானே ஓட்டிட்டு வந்துடறேனே, ரெண்டு மைல்தானே?"

"தொடாதீங்கன்னேன்ல!"

அவள் குரல் போட்ட போட்டில் ஆபீசரே நிமிர்ந்து பார்த்தார். வியாபாரி, "சரி, சரிம்மா" என்றார்.

ஐந்தாவது ஆள் ஒரு தையல்காரம்மா. அவர் வண்டி பெரிய எஞ்சின் என்பது, அதை விற்ற கடைக்குப் பேசியதில்தான் தெரிந்தது. அவருடைய எண் உபயோகத்தில் இல்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. சீட்டில் இருந்த விலாசத்துக்கு ஓட்டுநர் பள்ளி மாஸ்டர் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடு மாறிப்போய் ஆறு மாதம் ஆகிவிட்டதாம். எங்கே என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியவில்லையாம். ஆபீசர் அந்தச் சீட்டை மட்டும் அலமாரியில் வைக்காமல், தன் கண்ணில் படுகிற மாதிரி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.

"நீ அளந்தே, நான் எழுதினேன்" என்றார். "தப்புல எனக்கும் பாதி."

"பாதியெல்லாம் கிடையாதுங்க. இதைப் பங்கு போட முடியாது."

"சரி, அப்போ ஆளுக்கு ஒண்ணு" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதன் பிறகுதான் ரம்பத்தை மறுபடி எடுத்தாள்.

நெம்புகோலை அவள் மூன்று தடவை செய்தாள். முதலாவதில் துளை ஒரு நூல் அதிகமாக நகர்ந்துவிட்டது. தள்ள இருபத்தாறு கிலோ கேட்டது. காலையில் ஒரு தடவை தள்ளிவிடலாம். நாள் முழுக்க மருந்து எடுத்த கை சாயங்காலம் தள்ளுமா? தூக்கிப் போட்டாள். இரண்டாவதில் வெல்டிங்கில் ஒரு ஊசித்துளை தெரிந்தது. தேய்த்தால் மறைந்துவிடும். தேய்க்கவில்லை, அதையும் போட்டாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியில் ஏறியது.

நெம்புகோல் மாறினால் ஆய்வாளரின் கையெழுத்தும் புதிதாக வேண்டும். "எனக்கும் வீடு வாசல் இருக்கும்மா" என்று போனில் சிடுசிடுத்தவர், பத்தரைக்கு மேட்டடிக்கு வந்து சேர்ந்தார். ஆபீசரின் வண்டிக்குப் பக்கத்தில் இதையும் நிறுத்தி இரண்டு மிதியையும் அளந்து காட்டினாள். பழைய நெம்புகோல் எங்கே முட்டியது என்று பிளாஸ்டிக்கில் விழுந்திருந்த கோட்டையும் காட்டினாள். அவர் அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் சிடுசிடுப்பு ஏதும் வரவில்லை. தானே உட்கார்ந்து ஆறு தடவை மேடு ஏறி இறங்கிவிட்டு, சக்கரம் புகைகிற சூட்டில் விரலை வைத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். "அந்த மிச்ச வண்டிகளையும் நான் பார்க்காம விடாதீங்க" என்றார். "என் கையெழுத்தும் அதுல இருக்கு."

அண்ணன் பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்துக்குக் கிளம்பும் வழியில் பட்டறையில் இறங்கினார். தோளில் பை. வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "கோவத்துல ஏதேதோ பேசிட்டேன்" என்று டயரிடம் சொன்னார்.

"நானா இருந்தாலும் பேசியிருப்பேன் சார்" என்றாள் அவள்.

மூன்று மணிக்கு மருந்தாளர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். டிரைவர் அவரைத் தூக்கி நாற்காலியில் வைப்பதற்குள் அவர் புடவையைக் கசக்கிவிட்டான்; அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை நீவிவிட்டார். வண்டியின் கதவைத் திறந்ததும் யாரையும் நெருங்க விடாமல், இருக்கையின் விளிம்பைப் பிடித்து, கை பலத்தாலேயே உடம்பைத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டார். கால்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து உள்ளே வைத்தார். நாற்காலியை ஆபீசர் மடித்துத் தர, அவள் பின்னால் ஏற்றினாள். சக்கரம் கழற்றாமலே கதவு மூடியது.

ஆபீசரின் சின்னவனில் ஏற்கனவே கையால் ஓட்டிப் பழகியிருந்த மருந்தாளரே ஓட்ட, இருவருமாக மேடு ஏறினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் திரும்பி, இறங்கினார்கள். இறக்கத்தில் பாதி வழியில் அவள், "இப்போ" என்றாள். மருந்தாளர் முழுக்கத் தள்ளினார். வண்டி தரையைக் கடித்துக்கொண்டு நின்றது. பின்னால் வந்தவன் கத்திக்கொண்டே ஒதுங்கிப் போனான். அவள் தன் விரலை நீட்டவில்லை.

"நீங்களே பாருங்க."

மருந்தாளர் ஒரு கையால் நெம்புகோலைப் பிடித்தபடியே இன்னொரு கையின் விரலை வைத்தார். உள்ளே போயிற்று. இன்னொரு விரலையும் சேர்த்து வைத்தார், அது போகவில்லை.

"உங்க விரல் மெலிசு. ஒண்ணுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஆனா ஒண்ணு போகலைன்னா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணணும். நம்ம கைதான் சரியில்லைன்னு விடக் கூடாது. என்னை நம்பிக்கிட்டு இருக்கக் கூடாது."

"விட மாட்டேன்" என்றார் மருந்தாளர்.

பட்டறைக்குத் திரும்பியபோது பழ வியாபாரியின் சின்னவன் மீட்பு வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று வரவேண்டும். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் தையல்காரம்மாவின் சீட்டு அப்படியே இருந்தது. ஆபீசர் அந்த எண்ணை இன்றைக்கு ஏழாவது தடவையாகப் போட்டுவிட்டு வைத்தார். புது வேலைச்சீட்டுகளில் நிறத்துக்குப் பக்கத்தில் அவர் கையால் ஒரு கோடு போட்டு, "எஞ்சின்" என்று எழுதியிருந்தார்.

மருந்தாளர் வண்டியில் உட்கார்ந்தபடியே கைப்பையைத் திறந்து, சிவப்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்றை எடுத்தார். பழையது, ஓரம் மஞ்சளித்திருந்தது. அதிலிருந்து ஒன்றைக் கிழித்து, நெம்புகோலின் அடிப்பட்டையில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில் ஒட்டினார். சுருளை ஜன்னல் வழியே நீட்டினார்.

அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். பிறகு சோதனைக்காக வைத்திருந்த இரண்டாவது சாவியை வளையத்திலிருந்து கழற்றி, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.